ஆற்றில் அணிப் போட்டி: 11 அவுன்ஸோடு முடிந்த நாளில் புள்ளிகள் எங்கே போயின?

கேள்வி சுருக்கமாக: இங்கிலாந்தில், நாட்டிங்ஹம் பக்கம் ட்ரென்ட் ஆற்றில், அக்டோபர் மாதத் தூண்டில் மீன்பிடி லீக் சுற்று. எட்டு அணிகள், அணிக்கு ஆறு பேர், ஐந்து மணி நேரம். காலையில் இரண்டு பைன்ட் ஈப்புழுவை (அங்கே மேகட் என்பார்கள்) முதல் ஒரு மணி நேரத்திலேயே தண்ணீரில் கொட்டியாயிற்று. அதன்பின் ஃபீடரை (இரை நிரப்பி அடியில் இறக்கும் சிறு கூண்டு) போட்டுவிட்டுப் பெரிய மீனுக்குக் காத்திருப்பு. பார்பெல் என்ற பெரிய மீன் ஒன்று மாட்டி, அறுத்துக்கொண்டு போனது. நடுப்பகல் முதல் ஓட்டத்தோடு காற்று. கடைசியில் தராசில் 11 அவுன்ஸ். கீழ்ப்பக்கத்து பெக்காரருக்கு (பெக் என்பது ஒருவருக்கு ஒதுக்கப்படும் கரையிடம்) 6 பவுண்டு 4 அவுன்ஸ். அணி கடைசி இடம். "பெக் மோசமா, நான் மோசமா? அடுத்த சுற்றுக்கு என்னை எடுப்பார்களா?"

பெக்கைத் திட்டுவதற்கு முன்னால் நீங்கள் கொடுத்திருக்கும் செக்ஷன் (அணிக்கு ஒருவராக அமரும் கரைப்பகுதி) எடைகளை இன்னொரு முறை பாருங்கள். பவுண்டு-அவுன்ஸ் கணக்கில் (பவுண்டுக்கு 16 அவுன்ஸ்) எட்டுப் பேரும்: 6-4, 3-2, 1-9, 1-6, 1-4, 1-3, 0-11, 0-7. உங்கள் லீக்கில் முதலிடத்துக்கு 8 புள்ளி, எட்டாவதுக்கு 1. நீங்கள் ஏழாவது, 2 புள்ளி. கண் நேராக 6-4 மேல்தான் விழும், வயிறும் எரியும். அந்த எண்ணைக் கையால் மறைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். மூன்றாவது ஆளுக்கும் உங்களுக்கும் நடுவே வெறும் 14 அவுன்ஸ்தான் இடைவெளி. இன்னும் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 425 கிராம், வலையில் கிடந்திருந்தால் 1-10 ஆகி நீங்கள் மூன்றாவது, 6 புள்ளி. ஒவ்வொன்றும் 20 கிராம் தேறுகிற கட்ஜன், குட்டி டேஸ், குட்டி ரோச் என்று வைத்தால் இருபத்தோரு மீன். ஐந்து மணி நேரத்தில் மணிக்கு நாலைந்து. நடு ட்ரென்ட்டில் அக்டோபரில் இது பேராசை இல்லை.

ஆக, 6-4 உங்கள் கைக்கு எட்டாதது என்றே வைத்துக்கொள்வோம். அன்று நீங்கள் விட்டது அந்த 8 புள்ளியை அல்ல, நடுவில் சும்மா கிடந்த நாலு புள்ளியை. ஆறு பேரும் ஆளுக்கு நாலு விட்டால் 24. உங்கள் அணி வாங்கக்கூடிய உச்சமே 48தான்.

தனிநபர் போட்டியில் பழகியவர்களுக்கு இது மனத்தில் ஏற நாளாகும். தனிநபர் போட்டியில் இரண்டாவதும் பதினேழாவதும் ஏறக்குறைய ஒன்று. அதனால் பெரிய மீனுக்குச் சூதாடலாம். அணிப் போட்டியில் 3 பவுண்டு எடுத்தவருக்கும் 30 பவுண்டு எடுத்தவருக்கும், இருவரும் அவரவர் செக்ஷனில் முதல் என்றால், ஒரே புள்ளி. எடை அதிகமானால் புள்ளி கூடும் என்பதில்லை. அடுத்த ஆளைத் தாண்டினால் கூடும். உலகச் சாம்பியன்ஷிப் விதியைப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே அணிக்கு ஐந்து பேர், ஐந்து செக்ஷன், வாங்கிய இடமே தண்டப் புள்ளி, கூட்டுத்தொகை குறைந்த அணி வெற்றி. ஒன்றும் பிடிக்காதவர்கள் மிச்சமிருக்கும் இடங்களின் சராசரியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இருபது பேர் செக்ஷனில் பன்னிரண்டு பேர் பிடித்து எட்டுப் பேர் வெறுங்கை என்றால், அந்த எட்டுப் பேருக்கும் 16.5. அதில் ஒருவர் விரல் நீள ப்ளீக் ஒன்றைப் பிடித்திருந்தால் அவருக்கு 13. பத்து கிராம் மீனுக்கு மூன்றரைப் புள்ளி. ஆற்றில் அதைவிட விலை உயர்ந்த மீன் கிடையாது.

இதை மனத்தில் வைத்து உங்கள் நாளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் தவறு இரை. இரண்டு பைன்ட் என்பது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். பல நாட்களுக்கு ஐந்து மணி நேரத்துக்கே அது போதும். அக்டோபரில் தண்ணீர் குளிர்ந்து தெளிந்துவிட்டால் அதில் பாதிகூடப் போகாது. அளவு ஒரு பக்கம். அது எங்கே போய் விழுந்தது என்பது இன்னொரு பக்கம். தண்ணீர் விநாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது, புழு அடியைத் தொடப் பத்து விநாடி ஆகிறது என்றால், நீங்கள் எறிந்த புழு ஐந்து மீட்டர் கீழே போய்த்தான் தரை தட்டும். அதன் பிறகும் நிற்காமல் உருண்டுகொண்டே போகும். பெக்குக்கு பெக் பதினைந்து மீட்டர் என்றால் உங்கள் விருந்தில் நல்ல பங்கு கீழ்ப்பக்கத்துக்காரருக்குப் பரிமாறப்பட்டது. மீன் இரைக்குப் பின்னால் இறங்கிப் போகும். அவர் அதன் மேல் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தால் 6-4 வருவதில் அதிசயம் இல்லை. முழுக்க அதனால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் மணி நேரத்தில் நீங்கள் அவருக்குக் கைகொடுத்தீர்கள்.

சரியான அளவு இப்படி: தக்கை போட்டு ஓட்டும்போது ஒவ்வொரு எறிதலுக்கும் பத்து முதல் இருபது புழு, அவ்வளவே. உண்டிவில்லாலோ கையாலோ, உங்களுக்கு நேரே அல்ல, கொஞ்சம் மேல்பக்கமாக எறிய வேண்டும். கைநிறைய வாரி ஒரே தடவை கொட்டுவதும், அதே அளவைப் பத்து முறையாகத் தூவுவதும் மீனுக்கு ஒன்றல்ல. டேஸ், சப் போன்ற மீன்கள் தொடர்ந்து விழும் இரைக்கு மேலெழுந்து போட்டியிடும். போட்டி வந்தால்தான் முள்ளைப் பார்க்காமல் விழுங்கும். தண்ணீர் தெளிவாக இருந்தால் காஸ்டரும் (கூட்டுப்புழுவாக மாறிய ஈப்புழு) வேகவைத்த ஹெம்ப் விதையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இரண்டும் ஈப்புழுவைவிடப் பெரிய ரோச்சையும் சப்பையும் இழுக்கும், சில்லறை மீனின் தொந்தரவும் குறையும். கலங்கலாக இருந்தால் அதை விட்டுவிட்டு நறுக்கிய மண்புழு.

இரண்டாவது, ஆழம் பார்த்ததாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஆற்றில் ஃபீடர்காரர்கள் இதைத் தவிர்ப்பது வழக்கம். அடியில்தானே கிடக்கப்போகிறது என்ற நினைப்பு. தொடக்க விசிலுக்கு முன் கிடைக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். முள்ளில் ஆழக்குண்டைக் கோத்து, கரையிலிருந்து இரண்டு மீட்டர், நாலு மீட்டர், ஆறு, எட்டு என்று இறக்கிப் பாருங்கள். பிறகு அதே கோட்டில் கீழ்ப்பக்கமாக ஐந்தாறு மீட்டர் வரை பாருங்கள், ஏனெனில் தக்கை ஓடப்போகும் தடம் அது. நீங்கள் தேடுவது சரிவு சமதரையாகும் இடம். ட்ரென்ட் போன்ற ஆற்றில் கரையோரச் சரிவின் அடிவாரத்தில் ஓட்டம் குறையும், இரை தங்கும், கட்ஜனும் பெர்ச்சும் அங்கே நிற்கும். ஆழத்தைக் கோலில் அளந்து வெள்ளைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். முள் அறுந்து புதிதாகக் கட்டும்போது மறுபடி அளக்கத் தேவையில்லை.

இனி, நீங்கள் தொடாமலே விட்ட ஸ்டிக் தக்கை. கரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கோல் நீளத்துக்குள் ஓடும் நீருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் கட்சி. பதின்மூன்று அடிக் கோல், ரீலில் 0.14 அல்லது 0.16 மில்லிமீட்டர் நரம்பு, அது மிதக்கிற ரகமாக இருக்க வேண்டும். தக்கையின் தலையிலும் வாலிலும் சிலிக்கான் குழாய்த் துண்டு போட்டு இரண்டு முனையிலும் பிடித்துக் கட்டுவது இதன் அடையாளம். எடைக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: ஓர் அடி ஆழத்துக்கு ஒரு 4-ம் நம்பர் குண்டு (நரம்பில் நெரித்து மாட்டும் சிறு எடை). 4-ம் நம்பர் என்பது சுமார் 0.2 கிராம். ஆறடித் தண்ணீருக்கு ஆறு குண்டு தாங்கும் தக்கை. ஓட்டம் வேகமென்றால் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளலாம். குண்டுகளைச் சட்டைப் பொத்தான் வரிசையாக இடைவெளி விட்டுக் கடிக்க வேண்டும், பதினைந்து இருபது சென்டிமீட்டருக்கு ஒன்று. மேலே 4-ம் நம்பர், கீழே போகப் போக 6, 8 என்று சிறுத்துக்கொண்டே வரவேண்டும். முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் விட்டுக் கடைசிக் குண்டு. அப்போதுதான் இரை ஓட்டத்தில் வளைந்து இயல்பாக இறங்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொத்தாகக் கடித்தால் இரை கல்லைப்போல் விழும். ஆழமான வேகத் தண்ணீரில் அது வேண்டும், தெளிந்த மெதுவான தண்ணீரில் மீன் அதை நம்பாது.

ஈயக்குண்டு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இங்கிலாந்தில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளுக்கு 1987 தொடக்கத்திலிருந்து தடை. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் வந்த சட்டம். 8-ம் நம்பரும் அதற்குச் சிறியவையும் மட்டும் ஈயத்தில் இருக்கலாம். பழைய பெட்டி ஒன்றைப் பரிசாக வாங்கி வந்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

முள் 20-ம் நம்பர் (எண் கூடக் கூட முள் சிறுக்கும்), ஒரே ஒரு ஈப்புழு, ஹூக்லென்த் (முள்ளைக் கட்டும் நுனி நரம்பு) 0.09 அல்லது 0.10 மில்லிமீட்டர். அளந்த ஆழத்தைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் அதிகம் வைத்து ஆரம்பிக்கலாம். ஆனால் இந்தத் தக்கையின் உயிர் பிடித்து நிறுத்துவதில் இருக்கிறது. ஆற்றின் மேல்மட்ட நீர் வேகமாக ஓடும். அடி நீர் தரையோடு உரசி மெதுவாக ஓடும். தக்கையை அதன் போக்கில் விட்டால் அது மேல்மட்ட வேகத்தில் போய், அடியில் இருக்கும் புழுவை இழுத்துக்கொண்டு ஓடும். மீன் பார்க்கும் மற்ற எல்லாப் புழுவும் மெதுவாக உருள, ஒன்று மட்டும் அவசரமாகப் பறந்தால் அது கிட்டே வராது. ரீலின் விளிம்பில் விரலை வைத்து நரம்பைத் தடவித் தடவி விட்டு, தக்கையை மேல்நீரின் பாதி வேகத்துக்கு இழுத்துப் பிடியுங்கள். நடுநடுவே ஒரு விநாடி முழுசாக நிறுத்துங்கள். இரை முன்னால் போய் மேலெழும்பும். கடி பெரும்பாலும் அந்த நொடியில் வரும். நிறுத்தும்போது தக்கை கரைப்பக்கம் இழுபட்டு வந்தால் உங்களுக்கும் தக்கைக்கும் நடுவில் நரம்பு வளைந்து கிடக்கிறது என்று பொருள். கோலை உயர்த்தி வளைவை மேல்பக்கம் தூக்கிப் போட வேண்டும்.

காற்றைப் பற்றிக் குறைபட்டிருக்கிறீர்கள். அது நியாயமே. ஓட்டத்துக்கு எதிராக வீசும் காற்று ஸ்டிக் தக்கைக்கு நண்பன், நிறுத்திப் பிடிக்கும் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். ஓட்டத்தோடு வீசும் காற்று நரம்பைக் கீழே தள்ளித் தக்கையை விரட்டும். அப்போது கட்ட வேண்டியது வேக்லர்: வால்முனையில் மட்டும் மாட்டும் தக்கை. எடையில் பெரும்பகுதியைத் தக்கையின் இருபுறமும் பூட்டி, எறிந்தவுடன் கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நாலைந்து சுற்றுச் சுற்றினால் நரம்பு முழுவதும் மூழ்கிவிடும். காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆழத்தை ஒரு சாண் கூட்டி அடியில் கொஞ்சம் இழுபட விட்டால் வேகமும் குறையும். நடுப்பகலில் காற்று திரும்பியபோது இந்த மாற்றத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அது வீட்டிலேயே கட்டி, இரண்டாவது கோலில் தயாராகச் சாய்த்து வைத்திருந்தால்தான் ஐந்து நிமிடம். குளிரில் விரல் மரத்துப்போன நேரத்தில் புதிதாகக் கட்ட உட்கார்ந்தால் இருபது நிமிடம், அது ஐந்தாறு மீன்.

சில்லறை மீனுக்கு இன்னும் எளிய கருவி விப். ரீல் இல்லாத நாலைந்து மீட்டர்க் கம்பு, கம்பின் நீளத்துக்கே நரம்பு, மீன் நேராகக் கைக்கு வரும். நம்மூர்க் குளக்கரை மூங்கில் தூண்டிலின் கார்பன் தம்பி. கட்ஜனுக்கு என்றால் சரிவின் அடிவாரத்தில், இரை தரையைத் தொட்டபடி, முள் 20. ப்ளீக்குக்கு என்றால் மேல்நீரில் முப்பது முதல் அறுபது சென்டிமீட்டர் ஆழம், மிகச் சிறிய தக்கை, முள் 22, தண்ணீராகக் கரைத்த தூள் இரையை இடைவிடாமல் சிறிது சிறிதாக. ப்ளீக் ஒன்று பத்துப் பன்னிரண்டு கிராம்தான். ஆனால் வேகம் பிடித்துவிட்டால் நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் ஒரு மணி நேரத்தில் 600 கிராமைத் தாண்டும், அதாவது ஒரு பவுண்டு ஐந்து அவுன்ஸ். உங்களிடம் இருந்த 11 அவுன்ஸோடு கூட்டினால் சரியாக 2 பவுண்டு. உங்கள் செக்ஷனில் மூன்றாவது. ப்ளீக் எல்லா பெக்கிலும் இருக்காது, குளிர் ஏற ஏற ஒரேயடியாக மறைந்தும் போகும். இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் செலவழித்தாலே தெரிந்துவிடும்.

அப்படியானால் ஃபீடரே கூடாதா? கூடும், பல நாட்களில் அதுதான் ஜெயிக்கும். நீங்கள் அதைப் பயன்படுத்திய விதம்தான் சரியில்லை. "போட்டுவிட்டுக் காத்திருந்தேன்" என்கிறீர்கள். ஃபீடர் இரை போடும் கருவி. அதைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடத்திலேயே காலியான ஒரு கூண்டுக்குப் பக்கத்தில் ஒற்றைப் புழு கிடக்கிறது, அவ்வளவுதான். முதல் அரைமணி மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் போட வேண்டும், பிறகு கடியைப் பார்த்து இடைவெளியைக் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழ ரீலின் கிளிப்பில் நரம்பை மாட்டிக்கொள்ள வேண்டும், எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறியாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மீட்டர் இங்கே, ஐந்து மீட்டர் அங்கே என்று விழுந்தால் ஆற்றில் இரை ஒரு மேடையாகச் சேராது.

எடையிலும் பலர் தவறுவார்கள். ஃபீடர் அசையவே கூடாது என்று கனமாகப் போடுவது ஏரிப் பழக்கம். ஆற்றில் அது மட்டுமட்டாக நிற்க வேண்டும்: 30 கிராமில் நகர்ந்தால் 40, அதில் கெட்டியாக நின்றால் 35. எறிந்து அடியைத் தொட்டதும் இரண்டு மூன்று மீட்டர் நரம்பைத் தளர விட்டால் அது ஓட்டத்தில் வில்லாக வளையும். கோலை உயரமாக நிமிர்த்தி வையுங்கள்; தண்ணீருக்குள் இருக்கும் நரம்பு குறையும், அக்டோபரில் மிதந்துவரும் இலைகள் மாட்டுவதும் குறையும். மீன் இரையை எடுத்து இழுத்ததும் ஃபீடர் பெயர்ந்து, வளைந்திருந்த கோல்நுனி சட்டென்று நேராகும். அதுதான் கடி. நுனி உள்ளே வளையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் பாதிக் கடியைத் தவற விடுவீர்கள். மீன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். சுண்டி இழுக்க வேண்டாம், தூக்கிச் சுற்றினால் போதும்.

அந்த பார்பெல். 18-ம் நம்பர் முள்ளும் 0.10 நரம்பும் போட்டிருந்தீர்கள் என்றால், ஓட்டத்தோடு திரும்பிய பார்பெல்லை நிறுத்த யாராலும் முடியாது. அதற்காக வருந்தவே வேண்டாம். வருந்த வேண்டியது அதன் பிறகு நடந்ததற்கு. ஒன்று வந்தால் இன்னொன்று வரும் என்று மிச்ச இரண்டு மணி நேரத்தையும் அதே இடத்தில் விட்டீர்கள். பார்பெல் மேய்வது உறுதியானால் நரம்பை 0.18, 0.20 ஆக்கி, முள்ளை 14, 12 ஆக்கிப் பிடிக்கலாம். அந்தத் தடிமனுக்கு சில்லறை மீன் வராது, எனவே அது ஒரு முழுச் சூதாட்டம். வலையில் ஏற்கெனவே ஒன்றரை பவுண்டு இருந்து, கடைசி ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும்போது ஆடலாம். 11 அவுன்ஸோடு ஆடக் கூடாது.

ஐந்து மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். நான் சொல்வது: முதல் இருபது நிமிடம் கரையோரத்தில் விப், ஒரே நோக்கம் வெறுங்கை இல்லை என்றாக்குவது. இந்த நேரத்திலேயே ஸ்டிக் தக்கைத் தடத்துக்குப் புழுவும் ஹெம்ப்பும் தூவிக்கொண்டிருக்கலாம். பிறகு தக்கைக்கு மாறி, கடி இருக்கும் வரை அதிலேயே. அரைமணி நேரம் கடியே இல்லை என்றால் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள், ஒன்றை மட்டும். முதலில் ஆழம், பிறகு கடைசிக் குண்டின் இடம், பிறகு முள், நரம்பு, அதன் பிறகே தடம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அது வேறு யாருக்கும் சொல்லவும் உதவாது. நன்றாக வந்துகொண்டிருந்த கடி திடீரென்று நின்றால் இரண்டு காரணங்களை யோசியுங்கள். சிறு மீன்களை வேட்டையாடும் பைக் வந்து நின்றிருக்கலாம். சிறு மீன்கள் மேல்நீரில் சிதறித் துள்ளுவது அதன் அறிகுறி. அப்படியென்றால் கால்மணி நேரம் வேறு தடத்தில் இருங்கள். அல்லது மீன் இரையைத் தொடர்ந்து கீழே இறங்கியிருக்கலாம். தக்கையை இன்னும் ஐந்து மீட்டர் ஓடவிட்டுப் பாருங்கள், அங்கே கடி வந்தால் இரை போடும் இடத்தை மேலே நகர்த்துங்கள். படகு போனால் கடி நிற்கும் என்பது எப்போதும் உண்மையல்ல. அடி கலங்கியபின் வரும் ஐந்து நிமிடம் சில சமயம் அந்த நாளின் மிகச் சிறந்த ஐந்து நிமிடம்.

பெக்குக்கு வருவோம். ஓர முனை பெக்குக்கு எப்போதும் சலுகை உண்டு, ஒரு பக்கத்தில் யாரும் தொந்தரவு செய்யாத நீர் இருப்பதால் மீன் அங்கே ஒதுங்கும். நீங்கள் நடுவில் இருந்தீர்கள், எனவே முதலிடம் கடினம்தான். ஆனால் 1-3 முதல் 1-9 வரை நால்வர் நெருக்கியடித்து நிற்பது அந்த நீளத்தில் மீன் சமமாகப் பரவியிருந்ததைக் காட்டுகிறது. உங்கள் பெக்கில் மட்டும் இல்லை என்று நம்பக் காரணம் இல்லை.

உள்ளூர்ப் பெரியவர்கள் சொன்ன யோசனையைக் கேட்டு நடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ட்ரென்ட்டைப் பொறுத்தவரை அதில் எச்சரிக்கை வேண்டும். ஒரு காலத்தில் கரையெங்கும் நிலக்கரி மின்நிலையங்கள் வெந்நீர் விட்டுக்கொண்டிருந்தன; குளிரிலும் மீன் சுறுசுறுப்பாக மேய்ந்த ஆறு அது. கடைசியாக இருந்த ராட்கிளிஃப்-ஆன்-சோர் நிலையமும் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டுவிட்டது. நீரும் அன்றைக்கு இருந்ததைவிடத் தெளிவு. பழைய ட்ரென்ட்டுக்குச் சொன்ன இரை அளவை இன்றைய அக்டோபர் தண்ணீரில் அப்படியே கொட்டினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

அணி கடைசியாக வந்ததற்கு நீங்கள் ஒருவர் காரணமாக இருக்க முடியாது. ஆறு பேரும் ஆறு விதமாகப் போட்டதாகச் சொல்கிறீர்கள்; அது கேப்டனின் வேலையில் உள்ள ஓட்டை. போட்டிக்கு முந்தைய வாரம் அதே நீளத்தில் பயிற்சி, அதில் ஒருவர் ஸ்டிக், ஒருவர் ஃபீடர், ஒருவர் ‘போல்’ எனப்படும் நீளமான, ரீல் இல்லாத கம்பு என்று வேண்டுமென்றே பிரித்துப் போட்டுப் பார்ப்பது, மாலையில் என்ன மீன், எந்தத் தூரம், எந்த மணி என்று ஒப்பிட்டு அனைவருக்கும் ஒரே தொடக்கத் திட்டம் எழுதுவது, இவ்வளவும் செய்யும் அணிகள்தான் மேலே இருக்கும். போட்டி நடக்கும்போது கரையில் நடந்து செய்தி சொல்ல ஆள் வைக்கலாமா, கைபேசி பயன்படுத்தலாமா என்பது லீக்குக்கு லீக் மாறும். விதித்தாளைப் படிக்காமல் செய்து புள்ளி இழக்காதீர்கள். பைக், விலாங்கு, ட்ரௌட் கணக்கில் சேருமா, விசில் ஊதும்போது முள்ளில் இருக்கும் மீனைக் கரையேற்றலாமா என்பதையும் அதே தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுப்பார்களா என்ற கேள்விக்கு: எந்தக் கேப்டனுக்கும் மாதம் ஒரு முறை 8, மற்ற நாள் 1 வாங்குகிற ஆளைவிட எப்போதும் 5 வாங்குகிற ஆள்தான் வேண்டும். அடுத்த முறை சந்திக்கும்போது பெக் கதையைச் சொல்லாமல் இந்த எடைப் பட்டியலை எடுத்துப் போய், "15 அவுன்ஸ் குறைந்தது, அதைச் சிறு மீனில் எடுத்திருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பேச்சு வேறு விதமாகப் போகும்.

அடுத்த சுற்று நவம்பர் என்றால் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும். ஈப்புழு ஒரு பைன்ட், காஸ்டர் அரை பைன்ட், ஹெம்ப் அரை பைன்ட் போதும். பிங்கி எனப்படும் குட்டி ஈப்புழு கால் பைன்ட் கூடவே எடுத்துப் போங்கள். கடி நின்றுபோன நாளில் 22-ம் நம்பர் முள்ளில் ஒற்றைப் பிங்கி முதல் மீனைக் கொண்டுவரும். கீப்நெட்டை (பிடித்த மீனைப் போட்டு வைக்கும் வலை) ஓட்டத்தில் நன்றாக விரித்து, வாய் வளையம் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி இறுக்குங்கள். படகின் அலையில் வாய் அமிழ்ந்தால் நாலைந்து டேஸ் நீந்தி வெளியேறிவிடும், 1-3-க்கும் 1-6-க்கும் நடுவில் இருந்ததே அந்த நாலைந்து டேஸ்தான்.